பால் வண்டியில் போன சான்றிதழ்

எங்கள் ஊரில் செல்போன் என்றால் கடிகாரம், டார்ச் லைட், அவ்வளவுதான். பக்கத்து டவுனான எரியோட்டுப் பக்கம் நட்ட டவர் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. காரில் பறக்கிறவனுக்கு முழுக் கோடு சிக்னல். எங்களுக்கு அதன் முதுகு. மனு எழுதி எழுதி என் கையெழுத்து அழகானதுதான் மிச்சம்.

அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அனுப்ப வேண்டியதைக் காலையில் பால் வண்டிக்காரரின் போனில் புளூடூத் வழியாக ஏற்றிவிடுவோம். அவர் எரியோட்டுக்கு முன்னாலேயே இருக்கும் பால் டிப்போ வரை போகும் வழியில் சிக்னல் வரும், போகும். வருகிற நேரத்தில் ஒவ்வொன்றாக, ஏற்றிய வரிசைப்படி போய்ச் சேரும். காலி கேனோடு பதில்கள் திரும்பும். ஆளுக்கு ஒன்று என்பது ஊர்க் கட்டுப்பாடு.

அன்று பக்கத்து வீட்டு அக்கா, மகளின் மாற்றுச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றிவிட்டுப் பூப்பறிக்கப் போயிருந்தார். பகல் பன்னிரண்டுக்குள் திண்டுக்கல் நர்சிங் கல்லூரிக்கு அது போய்ச் சேராவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்கு. பத்தரைக்கு வண்டி திரும்பியது. படமே போகவில்லை என்றார் பால்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏப்பா, ஒரு புள்ளையோட படிப்புய்யா இது. அம்புட்டு தூரம் போயிட்டு, போகலைன்னு வந்து நிக்கிற!"

அவர் பதறவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீங்களே பாருங்கண்ணே, யாரு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு."

வரிசையில் முதல் ஆள் நான்தான். மச்சான் வீட்டுக் காதுகுத்தில் வேட்டியை மடித்துக்கட்டி நான் ஆடிய ஆட்டம், முழு நீள வீடியோ. ஆளுக்கு ஒன்று என்றார்கள், ஒன்றுதானே ஏற்றினேன்? அப்பேர்ப்பட்ட உத்தமன். சிக்னல் அறுந்த ஒவ்வொரு முறையும் அது மறுபடி முதலிலிருந்து கிளம்பியிருக்கிறது. அதன் பின்னால் துக்கடா சைஸில் அந்தச் சான்றிதழ் காத்துக்கிடந்தது.

தோட்டத்திலிருந்து ஓடிவந்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "நீ ஆடுறதப் பாக்கலைன்னு எவன்டா அழுதான்?"

அக்கா மகளை, படம் இருந்த அவள் போனோடு பைக்கில் ஏற்றிக்கொண்டு விரட்டினேன். எரியோட்டை நெருங்கியதும் கோடு வந்தது. ஒரு தும்மல் நேரத்தில் படம் போய்விட்டது. 'கிடைத்தது' என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தபோது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அவள் சிரித்தாள். எனக்கு எரிந்தது. டவரைத் திருப்பி நட்டு ஒரு ஊருக்கே இத்தனூண்டு வழி விட்டவன்மேல் கோபம். அந்த இத்தனூண்டையும் படுத்து அடைத்தவன்மேல் அதைவிடக் கோபம்.

மறுநாள் காலையில் பால்காரர் புது விதி சொன்னார். "சின்னது முதல்ல, பெருசு பின்னால. ஒங்களது எது கொடுத்தாலும் கடைசி."

சண்டைக்கு வாயெடுத்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார். போய்க் கடைசியில் நின்றேன்.