முதல் பானையை யார் தூக்குவது

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். அதற்காக என்னை எவனும் ஏய்த்துவிட முடியாது. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் கல்குவாரியில் கூலிக்கு ஜல்லி உடைத்த கை இது. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்பாக்கத்தில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது அதே கை சொந்த லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்து ஜல்லி லோடு அடித்தது. எங்கள் காலனியில் தளம் போட்ட முதல் வீடு என்னுடையது. முதல் கைக்கடிகாரமும் என்னுடையது. குவியலைப் பார்த்தே எத்தனை யூனிட் என்று சொல்லிவிடுவேன், என்ஜினியர்கள் டேப்பை எடுப்பதற்குள். எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட என்னை இந்த சாமி விவகாரத்தில் என் வீட்டு ஆட்களே ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

எங்கள் காலனி அம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்போம். வீட்டுக்கு ஒரு பானை. எல்லாப் பானையும் கோயில் அண்டாவில் சேர்ந்து, பிறகு எல்லோருக்கும் ஊற்றப்படும். ஆனால் கோயில் பெரியதனம் யார் கையில் இருக்கிறதோ, அவன் பெண்சாதி தலையில் சுமந்து வரும் பானைதான் அண்டாவில் முதலில் சரிய வேண்டும். அது சரியாமல் வேறு பானை சரியக் கூடாது. என் பெரியப்பா மகன் வீட்டில் இருந்த அந்த மரியாதை, கோயிலுக்குக் கருங்கல் சுவர் எழுப்பிக் கொடுத்த பிறகு என் வீட்டுக்கு வந்தது. லேசில் வந்ததல்ல. பெரிய கோயில் தேர் ஓடும்போது தூரத்தில் நின்று கும்பிட்டவர்கள் நாங்கள். இந்த அம்மன் முன்னால் மட்டும்தான் என் அப்பா துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். அந்த இடத்தில் முதல் பானை என் வீட்டுப் பானை என்றால் சும்மாவா?

கூழுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் பெண்சாதி கேழ்வரகை முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

“இந்த வருசம் நான் பான தூக்கமாட்டேன்.”

“இன்னாடி சொல்ற?”

“கூழு காச்சித் தரேன். சனம் பசியா நிக்கும். ஆனா தல மேல தூக்கிகினு வரமாட்டேன்.”

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புதுப்பட்டினத்துக்கு ஜெபத்துக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன். பொம்பளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று விட்டுவிட்டேன். அது பானையில் வந்து நிற்கும் என்று எவன் கண்டான்?

கோதுமைக்கும் பால் பவுடருக்கும்தான் சனங்கள் சிலுவைப் பக்கம் போகிறார்கள் என்று காலனியில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். அடுத்த நாளே லாரியைப் புதுப்பட்டினத்துக்கு விட்டேன். ஜெபம் நடத்துகிறவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். கடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை, அதுதான் கோயில். மனுஷன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்த, என் பொண்டாட்டிக்கி எத்தினி கிலோ கோதும குடுத்த?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கோதுமயா? எனக்கே ரேசன்ல கெடைக்கல. உனுக்கு எங்கனா கெடச்சா சொல்லு.”

“அப்போ இன்னா சொல்லி இழுத்த? கொயந்தைக்கி கண்ணு வந்துடும்னு சொன்னியா?”

அவர் டியூபை அப்படியே வைத்துவிட்டார்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின கோடையில், அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது, உடம்பு முழுக்க அம்மை வார்த்தது. அம்மை என்றால் எங்களுக்கு நோய் இல்லை, அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு நிறுத்தினோம். மருந்து கூடாது, ஊசி கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எதுவும். கண் சிவந்து பிள்ளை வெளிச்சத்துக்கே முகத்தைத் திருப்பியபோது என் பெண்சாதி செங்கல்பட்டுக்குப் போகலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். கோயில் பெரியதனம் என் கையில். அம்மன் இருக்கும் வீட்டிலிருந்து நானே பிள்ளையை பஸ் ஏற்றினால் காலனியில் எவன் என்னை மதிப்பான்? மூன்றாம் தண்ணீர் முடிந்து போனோம். பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முன்னாடியே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருந்தது. பெரியப்பா மகன் பெண்சாதி, போன ஆடியில் என்னவள் பானை தூக்கும்போது தடுக்கினாளாம், அதனால் என்றாள். பூசாரி, உயிரை எடுக்காமல் ஒரு கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாளே, அது அம்மனின் கருணை என்றார். என் மச்சான், பெண்சாதியின் தம்பி, கறுப்புச் சட்டைக்காரன், நடுவீட்டில் நின்று கத்தினான்.

“கருணையா? ஒங்க முட்டாத்தனம் மச்சான் அது! நாலு நாள் முன்னாடி போயிருந்தா கண்ணு இருந்திருக்கும்!”

இவன் ஏன் சாமியை விட்டான் தெரியுமா? சின்ன வயதில் இவனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா திருக்கழுக்குன்றம் மலை ஏறியிருக்கிறாள். அன்று மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் தின்ன கழுகு வரவில்லை. கூட்டத்தில் பாவி இருந்தால் கழுகு வராது என்பது பேச்சு. யாரோ இவர்கள் இரண்டு பேரையும் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அவன் அம்மா இவனை இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். புத்தகம் படித்துத்தான் சாமியை விட்டேன் என்று இவன் மேடையில் சொல்வதெல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

சைக்கிள் கடைக்குத் திரும்புவோம்.

“கண்ணு வரும்னு நான் சொல்லல அண்ணாத்த” என்றார் அவர். “ஒரு நாளு பஞ்சர் ஒட்ட யாரோடயோ வந்திச்சி அந்தம்மா. கொயந்த கூட இருந்திச்சி. எம் பொண்ணுக்கு ஏன் இப்பிடி ஆச்சின்னு கேட்டிச்சி. தெரியலம்மான்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? பஞ்சர் ஒட்டினேன். அடுத்த ஞாயித்துக்கெயம அதுவா வந்திச்சி.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டியை எட்டி உதைத்திருப்பேன். ஒரு அற்புதத்தைக் காட்டி இழுத்திருந்தால் சண்டை போடலாம். கோதுமை கொடுத்திருந்தால் இரண்டு மூட்டையாக நான் திருப்பி எறிந்திருப்பேன். தெரியலம்மா என்று சொன்னவனோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து அவளிடம் எகிறினேன்.

“தெரியலன்னு சொல்றவனா ஒனக்கு சாமியாரு? அத்த சொல்றதுக்குப் புதுப்பட்டினம் வரிக்கும் போவணுமா?”

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“அன்னிக்கி தெரியலன்னு நீ சொல்லியிருந்தா, கொயந்தய ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போயிருப்போம் இல்ல?”

கூழ் நாள் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அவளும் குறையாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பூசாரி எனக்கு ஒரு வழி சொன்னார். வீட்டுக்குத் தூரம் என்று சொல்லிவிடு. தீட்டான பெண் பானை தொடக் கூடாது. எவனும் கேள்வி கேட்க மாட்டான். உன் மரியாதையும் நிற்கும். நல்ல யோசனைதான். அந்த நிலைமையில் நானே பானையைச் சுமந்து வந்தாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆடி ஞாயிறு விடிந்தது. அவள் ஜெபத்துக்குப் போகவில்லை. விடிகாலையில் எழுந்து கூழ் காய்ச்சி, பானைக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பிலையும் கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தலையில் சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டேன். ஜல்லிக் கூடை சுமந்த தலை, கூழ்ப் பானை ஒரு பாரமா? என் மகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

அண்டாவைச் சுற்றி வரிசையாகப் பெண்கள், பானையோடு. நான் வந்ததும் சிரிப்பு எழுந்தது. பெரியப்பா மகன் பெண்சாதி காத்துக்கொண்டிருந்தவள்போல முன்னால் வந்தாள்.

“இன்னா கொயுந்தனாரே, லாரி ஓட்றவரு பான தூக்கிகினு வர்றாரு? ஒங்க வூட்டம்மா எங்க?”

பூசாரி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல் என்று அர்த்தம். வாயில் அந்தப் பொய் தயாராக இருந்தது. அப்போது பார்த்து என் மகள், இடது பக்கம் தெரியாததால், அண்டா விளிம்பில் போய் இடித்துக்கொண்டாள். அழவில்லை. பழகிப்போன பிள்ளைபோல ஒரு கையால் விளிம்பைத் தடவி, விலகி நின்றாள்.

“அவளுக்கு இஷ்டமில்ல. வரல” என்றேன்.

“அதான் ஏன்னு கேக்கறேன்?”

எனக்குக் காரணம் தெரியும். நன்றாகவே தெரியும். காலனி முழுக்க நிற்கும்போது அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. “தெரியல” என்றேன். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் பொய்யாகச் சொன்னேன்.

காரணம் இல்லாத வீட்டுப் பானை முதலில் சரியக் கூடாது என்று பஞ்சாயத்து பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் பெரியப்பா மகன் பெண்சாதி தன் பானையைச் சரித்துவிட்டாள். என் பானை இரண்டாவதோ மூன்றாவதோ, கவனிக்கவில்லை. நான் எழுப்பிய கருங்கல் சுவர் மட்டும் அங்கேயே நின்றது. பெரியதனம் அந்த வருஷத்தோடு கைமாறியது. மச்சான் அன்று மத்தியானம் வந்து கையைக் குலுக்கி, “நீயும் நம்ம பக்கம் வந்துட்ட மச்சான்” என்றான். போடா வெளியே என்று துரத்தினேன். நான் எந்தப் பக்கமும் போகவில்லை. இன்றைக்கும் அதே அம்மனைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் முதலில் லாரிச் சாவியைத்தான் தேடுவேன். இதற்கு என்ன பெயர் என்று மச்சானும் சொல்ல மாட்டான், சைக்கிள் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

காலிப் பானையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் ஒரு சொம்பு கூழ் எடுத்து மூடி வைத்திருந்தாள், பக்கத்தில் வெங்காயமும் கருவாடும். நடந்தது எல்லாம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருக்கும். மன்னிப்போ, சமாதானமோ, ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன்.

“உப்பு சரியா இருந்திச்சா?” என்றாள்.

காலனியே என் மானத்தை வாங்கியிருக்கிறது, இவள் உப்பைக் கேட்கிறாள்! கத்த வாயைத் திறந்தேன். அங்கே ஒரு வாய்கூட நான் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“தெரியல” என்றேன்.

அவள் சொம்பை என் பக்கம் தள்ளினாள்.