தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு

போர் முடிந்த அடுத்த ஆண்டு. மாசி மாதம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் போனேன்.

காரணம் ஒரு வாக்குவாதம். பல்கலைக்கழக விடுதியில் தொடங்கி, பட்டம் வாங்கிய பிறகும் முடியாமல் கிடந்தது. ஏழைக் குடும்பம் ஒன்றின் கையில் நேரே காசைக் கொடுத்தால் என்ன ஆகும்? குடித்துத் தீர்ப்பார்கள் என்றனர் பாதி நண்பர்கள். தொலைக்காட்சி வாங்குவார்கள் என்றனர் மீதிப் பேர். நான் இரண்டையும் மறுத்தேன். என்னிடம் ஆதாரம் இல்லை. சில புத்தகங்கள் இருந்தன.

கூடப் படித்த ஒருவன் இப்போது களுவாஞ்சிக்குடியில் ஆசிரியர். "படுவான்கரையில ஒரு குடும்பம் இரிக்கு. கதைக்கிறத விட்டுட்டு வந்து பார்" என்றான். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், எழுவான்கரை. மேற்கே, சூரியன் விழும் பக்கம், படுவான்கரை. நடுவில் தண்ணீர். போர்க்காலத்தில் இந்தத் தண்ணீரைக் கடப்பதே ஒரு செய்தி. இப்போது பத்து ரூபாய்.

மட்டக்களப்பு நகரில் காலை ஏழு மணிக்குக் கல்முனை பஸ். குருக்கள்மடம் பதினெட்டுக் கிலோமீற்றர், முப்பத்திரண்டு ரூபாய், ஐம்பது நிமிடம். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சில இடங்களில் வீடுகள் இல்லை, தரைகள் மட்டும் இருக்கின்றன. சீமெந்துத் தரை, ஒரு படி, அதற்கப்பால் கடல்.

துறையில் அடையாள அட்டை பார்த்தார்கள். பிறகு பாதை. மிதவைகளின் மேல் பலகை அடித்த பெரிய தெப்பத்துக்கு இங்கே அதுதான் பெயர். மோட்டார் சைக்கிள்கள், ஒரு பசுக்கன்று, பள்ளி ஆசிரியைகள், நான். இருபது நிமிடத்தில் அம்பிளாந்துறை.

அங்கிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். நண்பன் சொன்ன பெயரைச் சொல்லி, யோகன் வீடு என்றேன்.

"ஓ, சல்லி கிடைச்ச ஆக்களா?" என்றார் ஓட்டுநர். சல்லி என்றால் இங்கே காசு.

"அப்படித்தான் கூப்பிடுறீங்களா?"

"முன்ன சுனாமி ஆக்கள் எண்டம். பிறகு அகதி ஆக்கள் எண்டம். இப்ப சல்லி கிடைச்ச ஆக்கள்." கொஞ்ச தூரம் போய், "எனக்கும் கிடைச்சதான். ரெண்டு டயர் மாத்தின" என்றார். வெட்கப்படவில்லை. டயர்கள் நல்ல டயர்கள்.

ஊரின் பெயரை எழுதவில்லை. யோகனின் மனைவி மலர் அக்கா கேட்டுக்கொண்டார். கிடைத்த தொகையையும் எழுதவேண்டாம் என்றார். "எழுதினா, இல்லாத சொந்தமெல்லாம் பஸ் ஏறி வந்திரும் தம்பி."

யோகன் அண்ணனும் மலர் அக்காவும் சுனாமிக்கு முன் எழுவான்கரையில் இருந்தார்கள். கடல் வீட்டைக் கொண்டுபோனது. மூத்த மகனையும். அதைப் பற்றி அக்கா ஒரு வரிதான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. பிறகு பொருட்கள் வந்தன. ஒரு தையல் இயந்திரம். அக்காவுக்குத் தைக்கத் தெரியாது. கடலுக்குப் போகும் ஃபைபர் படகில் பாதி உரிமை. அண்ணன் வாவியில் மீன் பிடிப்பவர். இரண்டையும் பாதி விலைக்கு விற்றார்கள். அக்காவின் தாய் வழிக் காணி படுவான்கரையில் இருந்ததால் இங்கே வந்தார்கள். யுத்தம் இங்கேயும் வந்தது. முகாமில் இருந்து திரும்பியபோது கிணறு மட்டும் இருந்தது.

இந்த முறை வந்த அமைப்பு பொருள் தரவில்லை. அக்காவின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு தடவையாகக் காசு. எதற்கு என்று கேட்கவில்லை. "அது தான் பயமா இரிந்த. கேட்டா ஏதாவது சொல்லலாம். கேக்காட்டி நாமதான் யோசிக்கணும்" என்றார் அக்கா.

அவர்கள் யோசித்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள வாவியின் கணக்குத் தெரியவேண்டும். பிடிபடுவது மூன்று பங்கு. ஆளுக்கு ஒன்று, தோணிக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. தோணியும் வலையும் முதலாளியுடையது என்றால் மீனவனுக்கு ஒரு பங்கு மட்டும். அந்தப் பங்கையும் முதலாளி சொல்லும் விலைக்கு அவரிடமே விற்கவேண்டும். யோகன் அண்ணன் முகாமிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான் வாழ்ந்தார்.

முதல் தடவைக் காசில் தோணி வாங்கினார்கள். ஊர் சிரித்தது. இங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மகள் கோகிலாவுக்குப் பத்தொன்பது வயது. யோகன் அண்ணனின் தங்கை வேலிக்கு அப்பால் நின்று, "கொமர்ப் புள்ளய வெச்சிட்டு தோணி வாங்கிரிக்காவாம்! மாப்பிள தோணிக்குள்ளயா படுக்கிற?" என்று கேட்டாராம். அக்கா சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "வீட்டக் கட்டினா சல்லி அதோட நிண்டிரும். தோணி நாளைக்கும் போகும்."

ஆனால் சும்மா வாங்கவில்லை. தோணி கோகிலாவுக்கு என்று சொல்லி வாங்கினார்கள். சீதனம் மாதிரி. தோணியின் பங்கு அவளுக்கு. தினமும் காலையில் கரைக்குப் போய் அப்பாவிடம் கையை நீட்டுகிறாள். அந்தக் காசு கல்லாக மாறுகிறது. தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இடுப்பளவு எழும்பி நிற்கிறது.

"முதலாளியம்மா வந்திட்டா" என்றார் அண்ணன், கோகிலா தேநீர் கொண்டுவந்தபோது. "உன்ட தோணி ராவு முழுக்க நித்திர, நான்தான் முழிச்சிரிக்கிற. ஆனா பங்கு மட்டும் அதுக்கும் வேணுமாம்."

"தோணி இல்லாட்டி நீந்தியா போவீங்க?" என்றாள் கோகிலா.

எல்லோரும் சிரித்தோம். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முதலாளியின் ஆள். பின்னால் ஒரு சாக்கு, அதற்குள் புது வலை.

தோணியோடு வாங்கிய அண்ணனின் பழைய வலை போன வாரம் தண்ணீருக்கடியில் ஒரு கட்டையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. ஒரு வாரமாகத் தொழில் இல்லை. வந்தவர் வலையைக் கொட்டிலின் வாசலில் இறக்கினார். "இப்ப ஒண்டும் தரவேணாம் யோகன். பிடிக்கிறத எங்களுக்குத் தந்தாச் சரி." வலைக்கு ஒரு பங்கு, அதோடு முழு மீனும் அவர் விலைக்கு. தோணி வாங்கியதன் அர்த்தத்தில் பாதி அந்தச் சாக்குக்குள் போய்விடும்.

அண்ணன் சாக்கைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. இரண்டாம் காசு வருவதாக இருந்தது. ஒரு மாதமாக வரவில்லை.

"இண்டைக்குப் பேங்குக்குப் போய் பாத்திட்டு வாறன்" என்றார் அக்கா. "வராட்டி பின்னேரம் வலைய எடுப்பம். அதுவரைக்கும் சாக்கத் துறக்காதங்க."

வந்தவர் நிழலில் உட்கார்ந்தார். அவசரம் இல்லாத மனிதர்.

நானும் அக்காவுடன் புறப்பட்டேன். ஆட்டோ, பாதை, பஸ். களுவாஞ்சிக்குடி வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வறுமை, அதிகாரம், தெரிவு என்று நான் படித்த சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதுவும் அந்த இருக்கையில் பொருந்தவில்லை. அக்கா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தார்.

வங்கிக்கு வெளியே நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல். அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குடையை விரித்தார்.

"வாங்க தம்பி, வலைக்கடைக்குப் போவம்."

கடையில் வலைக் கண்ணுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். மூன்று வலைகளை வேண்டாம் என்றார். நாலாவதை எடுத்தார். கூடவே கயிறு, ஈயம், மிதப்பு, ஒரு டோர்ச் பற்றரி. பிறகு இரண்டு சோடா. என்னைக் காசு கொடுக்க விடவில்லை. "நீங்க பிறகு ஒருக்கா தாங்க. இண்டைக்கு நான்."

புது வலைக்கு ஈயமும் மிதப்பும் கட்ட இரண்டு நாள் ஆகும் என்றார். நான் நண்பன் வீட்டில் தங்கினேன். மூன்றாம் நாள் முதல் பாதையில் திரும்பப் போனேன்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழி மழையில் போகவேண்டாம். படுவான்கரையின் வட்டைகள், அதாவது வயல்வெளிகள், வீதியோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். மாசி, பங்குனி நல்லது. அடையாள அட்டை கட்டாயம். சில்லறை வைத்திருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பாதையை நம்பவேண்டாம். சாப்பாட்டுக்கடை அம்பிளாந்துறையில் உண்டு, உள்ளே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் எவ்வளவு கிடைத்தது என்று கேட்காதீர்கள். என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்ல ஆசைப்படுவார்கள்.

நான் போனபோது தோணி கரைக்கு வந்துவிட்டது. இறாலும் கொஞ்சம் மணலை மீனும். முதலாளியின் ஆள் தராசோடு நின்றார். திறக்காத சாக்கைத் திருப்பிக் கொண்டுபோனவர், கோபம் எதுவும் காட்டவில்லை. இறாலை நிறுக்கக் கையை நீட்டி, "கிலோ நானூறு" என்றார். மற்றத் தோணிக்காரர்கள் அந்த விலைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"சரிவராது" என்றார் அக்கா.

"என்னக்கா சரிவராது?"

"விலை சரிவராது."

அண்ணன் குனிந்து வலையை உதறினார், உதற எதுவும் இல்லாதபோதும். முதலாளியின் ஆள் அக்காவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நானூற்றி முப்பது."

"வேணாம் தம்பி. பாதையடியில குடுக்கிறன்."

கூடையைச் சைக்கிளில் கட்டினார். நான் பக்கத்தில் நடந்தேன். அம்பிளாந்துறையில் கூடையோடு பாதையில் ஏறினார். வாவியின் நடுவுக்கு வரும் முன்பே ஆசிரியைகளும் மோட்டார் சைக்கிள்காரர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். கிலோ ஐந்நூற்றி இருபது. மறு கரையில் கூடை காலி.

அக்கா இறங்கவில்லை. திரும்பும் பயணத்துக்கு அங்கேயே நின்றார். துறையில் நின்று நான் கைகாட்டினேன். பாதைக்காரர் கேட்பது காதில் விழுந்தது.

"நாளைக்கும் கொண்டு வருவியா மலர்?"

"விலையப் பாத்துத்தான்."