தம்பியின் பல்லைப் படம் எடுத்த கதை

நான் அதிகம் வெறுத்த பொருள் எது என்று கேட்டால் ஒன்றரைச் சாண் நூல் ஒன்றைத்தான் சொல்வேன். அதன் ஒரு முனை மாமாவின் கேமராவில் கட்டியிருக்கும், மறுமுனையில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சைத் தம்பியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எட்டு வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம்.

எல்லாம் வாப்பாவால் வந்த வினை. தம்பி உம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அவர் தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக் கடைக்குப் போய்விட்டார். பாஸ்போர்ட், பெர்மிட் என்று ஏதேதோ கெடுபிடி. ஊருக்கு வந்தால் திரும்ப நுழைய முடியாது என்று அங்கேயே கிடந்தார். தம்பியின் முகப்படம் ஒன்று ஏற்கெனவே அனுப்பியாயிற்று. அவனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது என்று உம்மாவின் தம்பியான மாமா சும்மா இருக்காமல் எழுதப்போக, அந்தப் பல்லைப் படம் பிடித்து அனுப்பு என்று பதில் வந்துவிட்டது.

வாப்பாவின் கடிதங்கள் மாமா பேருக்குத்தான் வரும். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் உரக்கப் படிப்பேன். பெரிய வாப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். 'வீட்டில் அனைவருக்கும் சலாம்' என்ற வரியில் உம்மாவும் ஓர் ஓரமாக அடங்கிவிடுவாள்.

மாமாவிடம் இருந்தது பெட்டிக் கேமரா. ஆறடி தள்ளி நிற்கும் ஆளை ஒழுங்காக எடுக்கும், அதற்குமேல் நெருங்கினால் எல்லாம் கலங்கல். பல்லோ அரிசி அளவு. ராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர் ஒரு யோசனை சொன்னார். அதன்படி பெரிய வாப்பாவின் பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடியிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி, கேமராவின் கண்ணுக்கு முன்னால் வைத்துக் கட்டினார் மாமா. அந்தச் சில்லை வெயிலில் பிடித்தால் தாளில் வெளிச்சம் புள்ளியாகக் குவியும். அந்தத் தூரத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். பொருள் முடிச்சில் இருந்தால்தான் படம் தெளிவாக வரும், விரலளவு முன்பின் போனாலும் கெட்டது.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று கொல்லைக்கு வந்தோம். எங்கள் புதுமடத்தில் கடற்கரை மணலை வாரி இறைக்கும் கச்சான் காற்றைப் பற்றி மாமா யோசிக்கவே இல்லை. நூல் வில்லாக வளைந்தது. தம்பியின் கண்ணில் மணல் விழுந்தது. அவன் அழுதால் பல் தெரிந்தது, ஆனால் தலை ஆடியது. தலை நின்றால் வாயை மூடிக்கொண்டான். முடிச்சை ஒருமுறை தின்னவும் பார்த்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் படத்துக்கு நிற்கும் வழக்கமில்லை. அதனால் உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அவனை மடியில் வைத்திருந்தாள். ஒரு கை அவன் மோவாயைப் பிடித்து, கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கியிருக்கும்.

"ஏ புள்ள, ஆடாம நில்லு" என்று மாமா என்னைத்தான் திட்டினார். ஊரே ஆடும்போது நான் மட்டும் ஆடக்கூடாதாம்.

ஒரு ரோலுக்கு எட்டுப் படம். கழுவி வர ஒரு வாரம். ஏழு படங்களில் தம்பி புகையாக இருந்தான். எட்டாவதில் பல்லே இல்லை. கேமராவில் நாம் பார்க்கும் துவாரம் மேலே இருக்கிறது, படம் எடுக்கும் கண் கீழே இருக்கிறது. மாமா வாயைக் குறிபார்த்தார், கேமரா மோவாயை எடுத்துவிட்டது. மோவாயில் உம்மாவின் கை. கண்ணாடி வளையல், மோதிரம், விரல் மூட்டின் சுருக்கம் எல்லாம் அப்படியே தெரிந்தன. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பிவைத்தோம்.

பதில் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். பிள்ளையைப் பிடித்திருக்கும் கையில் சுட்ட தழும்பு தெரிகிறதே, மருந்து போட்டார்களா என்று கேட்டிருந்தார். தம்பியின் பல்லைக் கேட்டவருக்குத் தழும்பு எதற்கு? பல் வரவில்லையே என்று ஒரு வார்த்தை இல்லை.

விடக்கூடாது என்று மாமாவும் நானும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினோம். காற்று எழும்புமுன் விடிகாலை வெயிலில் எடுத்தோம். வேட்டியை மறைப்பாகக் கட்டினோம். இரண்டு விரற்கடை மேலே தள்ளிக் குறிவைத்தார் மாமா. கை குறுக்கே வராதபடி தலைக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி உம்மாவை ஒதுக்கியது என் ஏற்பாடு. இந்த முறை பல் வந்தது. அதில் நின்ற எச்சில் துளிகூட வந்தது. நான் தெருவெல்லாம் காட்டினேன்.

வாப்பா எழுதினார்: 'பல் பார்த்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முந்தி எடுத்த மாதிரிதான் நன்றாக இருந்தது. அதேபோல் இன்னொன்று எடுத்து அனுப்பு.'

இதைவிட ஒரு மனிதரை எப்படித்தான் திருப்திப்படுத்துவது? மாமா கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். படித்துக்கொண்டிருந்த நான் கடிதத்தை மடக்கி எறிந்தேன். உம்மா மட்டும் அதை எடுத்து நீவி, மறுபடி படி என்றாள். 'முந்தி எடுத்த மாதிரிதான்' என்ற அந்த ஒரு வரியை மூன்று தடவை படிக்கவைத்தாள்.

மாமாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்து மறுநாள் கிளம்புவதாக இருந்தபோது, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்காகக் கேமராவைப் பரணிலிருந்து இறக்கி எடுத்த ரோலில் ஒரு படம் மிச்சமிருந்தது.

"அந்த ஒண்ணையும் எடுத்துருடா தம்பி" என்று உம்மாவே மாமாவிடம் கேட்டாள்.

காலையில் நாங்கள் காத்துக்கிடக்கிறோம், அவளைக் காணோம். கடைசியில் வந்தாள். இரவே மருதாணி வைத்திருக்கிறாள். கையில் புது வளையல். கறுப்பு வெள்ளைப் படத்தில் மருதாணி வெறும் அழுக்காகத்தான் தெரியும் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. தம்பிக்கு அதற்குள் நாலு பல். உட்கார்ந்து, கையை விரித்து, அவன் வாய்மேலேயே பாதி மறைகிற மாதிரி வைத்தாள். மாமா எண்ணத் தொடங்கினார்.

"உம்மா, கைய எடுங்க. பல்லு தெரியல."

"மறைச்சா மறைக்கட்டும்மா. நீ பேசாம இரு."

அத்தனை மாத எரிச்சலும் எனக்கு மண்டைக்கு ஏறியது. மாமா மூன்று சொல்லும்போது அந்தக் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

மாமா சென்னையில் கழுவித் தபாலில் அனுப்பியிருந்தார். நாலு பல்லும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. உம்மாவின் கை இருந்த இடத்தில் கலங்கலாக ஒரு தீற்றல். உம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். உறையில் போட்டு ஒட்டியது நான்தான்.

அடுத்த கடிதத்தில் வாப்பா படத்தைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. ஒருவழியாகத் திருப்தியாகிவிட்டார் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.