மாட்டுக் கேடயம்

எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்லோடு பகை உண்டு. மனிதரோடு பகைத்தால் ஒருநாள் சமாதானமாகிவிடலாம். சொல்லோடு பகைத்தால் அது பேருந்திலும் பத்திரிகையிலும் எதிரே வந்து நின்று பல்லைக் காட்டும். எக்குசோன் என்பது அந்தச் சொல். மொன்றியலில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்த விதம்தான் வேறு.

அப்போது நான் நாலாம் வகுப்பு. செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான சின்ன மாமி, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று ஐந்து பேர் ஒரே குளியலறைக்குச் சண்டை பிடித்து வாழ்ந்தோம். ஒருநாள் வகுப்பு ஆசிரியை, எங்கள் எல்லாருக்கும் அவர் வெறும் மடாம்தான், அடுத்த கிழமை ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தின் எக்குசோனைத் தாளில் கீறிக்கொண்டு வர வேண்டும் என்றார். நான் வீட்டுக்கு ஓடி வந்து, எங்கள் எக்குசோன் எங்கே என்று கேட்டேன்.

அப்பா நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிப்பவர். "அது சாவி ஓட்டையைச் சுத்திக் கதவில அடிக்கிற தகடு. என்ர பைக்குள்ள கிடக்கு. ஒண்டை எடுத்துக்கொண்டு போ" என்றார்.

அம்மா அஹுன்ட்சிக் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "விசர்க்கதை கதையாதேங்கோ. சேட்டு நெஞ்சில வைச்சுத் தைக்கிற துணிச் சின்னமெல்லோ எக்குசோன். விடிஞ்சாப் பொழுதுபட்டா அதைத்தானே தைக்கிறன்" என்றார்.

மாமா கனடாவுக்கு வருவதற்கு முன் பாரிசில் கொஞ்சக்காலம் கோப்பை கழுவியவர். அந்தத் தகுதியில் எங்கள் வீட்டின் பிரெஞ்சு நீதிபதி அவர்தான். "ரண்டு பேருக்கும் தெரியாது. எக்குசோன் எண்டால் கேடயம். விளையாட்டுப் போட்டியில வெண்டால் குடுப்பாங்களே, அது. ஆனா எங்கட குடும்பம் எதில அக்கா வெண்டது?" என்றார்.

மூன்று பேர் சொன்னதும் சரி என்பதுதான் கொடுமை. அகராதியில் மூன்றும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதற்காக மொட்டோடு சீவி எடுக்கிற பட்டைத் துண்டுக்கும் அதே பெயர்தான் என்று பிற்காலத்தில் படித்தேன். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

மாதா கோயிலில் பாடற்குழுப் பயிற்சி முடிந்து சின்ன மாமி வந்து சேர்ந்தபோது, அப்பா பூட்டுத் தகட்டை மேசையில் வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். சின்ன மாமியின் சிரிப்பு லேசில் முடியாது. சுவரில் சாய்ந்து, நிலத்தில் குந்தி, கண்ணால் தண்ணீர் ஓடும் வரைக்கும் சிரிப்பார். அவர் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருந்ததால், பிரெஞ்சும் சிரிப்பும் எங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் அதிகம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்தான் விளங்கப்படுத்தினார். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் இரும்பால் முகத்தை மூடியிருப்பார்களாம். யார் எவரென்று தெரியாதாம். அதனால் கேடயத்தில் தங்கள் குடும்பத்தின் அடையாளத்தைக் கீறி வைப்பார்களாம்.

"அப்ப எங்கட அடையாளம் என்ன?" என்று கேட்டேன்.

அப்பா தகட்டை எடுத்துப் பைக்குள் போட்டார். "எங்களுக்கு ஒண்டும் இல்லை. ஒரு பூவைக் கீறு" என்றார்.

பூவாம்! பக்கத்து மேசை இத்தாலியப் பிள்ளை சிங்கம் கீறப் போகிறாள். பின்னால் இருக்கும் ஹெயிட்டிப் பையன் தாத்தாவின் மீன்பிடிப் படகைக் கீறப் போகிறான். நான் மட்டும் பூவா? அன்று சாப்பாட்டை நான் தொடவில்லை. ஒரு மனிதர் தன் சொந்தக் குடும்பத்தைப் பற்றி இப்படி ஒன்றுமில்லை என்று சொல்வாரா என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

அந்தச் சந்தர்ப்பத்தில்தான் மாமா என் பக்கம் நின்றார். அடுத்த நாள் பின்னேரம் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே, "அழாத மருமோள். எங்களுக்கும் ஒண்டு இருக்கு. ஆனா கேடயத்தில இல்லை, மாட்டின்ர பின்தொடையில" என்றார். வன்னியில் அவர்கள் வீட்டில் நிறைய மாடு நின்றதாம். மேயப் போகிற மாடு மாறிப் போகாமல் இருக்க இரும்பைக் காய்ச்சிக் குறி சுடுவார்களாம். "ஆளுக்கு எழுத்து, பகுதிக்குக் குறி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குறி" என்று சொல்லி, என் வரைதல் தாளில் பென்சிலால் இரண்டு இழுப்பு இழுத்தார்.

பகுதி என்றால் ஊரின் ஒரு பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுப்பது? மாமா கீறியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது" என்றார்.

அந்தக் குறி எப்படி இருந்தது என்று நான் இங்கே எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? எனக்கு அது ஒரு பறவை தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது என்பது போதும்.

நான் நீலக் கேடயத்தில் சிவப்புக் குறி தீட்டினேன். மடாம் ஒத்துக்கொள்ளவில்லை. நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாதாம். பொன்னோ வெள்ளியோதான் வைக்க வேண்டுமாம். அதாவது மஞ்சள், அல்லது வெள்ளை. எக்குசோன் என்றால் தூரத்தில் நிற்கிறவனுக்கும் இவன் யார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அதனால் என்ன பயன் என்று கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிவப்பின் மேல் தடித்த மஞ்சளைப் பூசினேன். மடாம் கெட்டிக்காரி. அவர் சொன்னபடியே, பள்ளிக்கூட நடைபாதைச் சுவரில் மாட்டியபின், மற்ற முனையான அந்தத் தொங்கலில் நின்று பார்த்தாலும் எங்கள் மாட்டின் குறி பளிச்சென்று தெரிந்தது.

இந்த இடத்தில் சின்ன மாமியின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடற்குழுவில் மாமியோடு பாடும் ஒருவருக்கும் மாமிக்கும் பேச்சு முற்றாகி, தை மாதத்தில் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, என்ற அளவுக்கு வந்திருந்தது. முதலில் விரும்பியது அவர்கள் இருவரும். பிறகுதான் பெரியவர்கள் பேசினார்கள். மாப்பிள்ளையின் அண்ணை எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுகளில் வேத வாசகம் வாசிப்பவர். சகோதர சகோதரிகளே என்று அவர் தொடங்கினால் கோயிலே உருகும். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் அப்பாவிடம் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "ஊரில எந்த இடம் எண்டு சொன்னனீங்கள்?" அப்பா "டவுண் பக்கம்" என்பார். "டவுணில எந்தப் பக்கம்? கோயிலடியோ, கடற்கரையடியோ?" அப்பா, கனதரம் இடம்பெயர்ந்ததில் எல்லாம் மறந்துபோச்சு என்று சிரிப்பார். எங்கள் ஆட்களுக்குப் புவியியலில் எவ்வளவு ஆர்வம் என்று நான் வியந்திருக்கிறேன்.

வாசகம் வாசிப்பவருடைய மகளும் என் பள்ளிக்கூடம்தான். பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் அப்பாவும் அம்மாவும் வேலையால் வரமுடியவில்லை. மாமியும் கார்டெரியில் நின்றுவிட்டார். சிங்கத்தைச் சுற்றி ஒரு கூட்டம், படகைச் சுற்றி ஒரு கூட்டம். என் கேடயத்துக்குக் கீழே நான் மட்டும் தனியாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நடைபாதையின் அந்தத் தொங்கலில் இருந்து வாசகம் வாசிப்பவர், மகளின் கையைக்கூட விட்டுவிட்டு, நேரே என்னை நோக்கி வந்தார்.

"பிள்ளை, இது நீ கீறினதோ?"

"ஓம் அங்கிள்."

"வடிவாக் கீறியிருக்கிறாய். ஆர் சொல்லித் தந்தது?"

மாமா என்றேன். எங்கள் மாடுகளைப் பற்றி, பகுதிக்கு ஒரு குறி என்பதைப் பற்றி, எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அவர் என் உயரத்துக்குக் குனிந்து, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டார். அப்படிக் கேட்ட பெரிய மனிதர் என் வாழ்க்கையில் அவர்தான் முதல் ஆள். பிறகு போனை எடுத்து என் கேடயத்தைப் படம் பிடித்தார். கிட்டப் போய் இன்னொரு படமும் பிடித்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு சொக்லேட்டும் தந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் அப்பாவிடம் எந்த இடம் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அப்பா கோயில் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். கல்யாணப் பேச்சைப் பற்றி அம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தபோது, "பேந்து பாப்பம்" என்று பதில் வந்தது. பேந்து என்றால் பிறகு என்றுதான் எனக்குத் தெரியும். பிறகு பார்க்கலாம் என்றதற்கு அம்மா ஏன் அடுப்பை நிற்பாட்டிவிட்டு உட்கார வேண்டும்? கடைசியில் வாசகம் வாசிப்பவரின் மனைவிதான், கோயில் வாசலில் வைத்து அம்மாவின் காதுக்குள் சொன்னார். "உங்கட பிள்ளை பள்ளிக்கூடத்தில நல்லாக் கீறியிருக்கிறாளாம். இவர் படமெடுத்து ஊருக்கு அனுப்பினவர். அங்க பழைய ஆக்களுக்குப் பாத்த உடன விளங்கிட்டுதாம்."

அது சாதிக்குறி, அப்பாவின் ஆட்களுக்கும் அம்மாவின் ஆட்களுக்கும் ஒன்றே. பகுதி என்று எங்கள் ஆட்கள் நாகரிகமாகச் சொல்வது அதைத்தான். ஷெல்லுக்கும் முகாமுக்கும் தப்பி, கடல் கடந்து, பனிக்குள் வந்து வேலை செய்து, ஒரே சேசுவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, அதன் பிறகும் ஒரு மனிதர் நாலாம் வகுப்புப் பிள்ளை கீறியதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பி விசாரிக்கிறார் என்றால் அவரை என்ன செய்வது? அந்த மாப்பிள்ளை மட்டும் என்னவாம். அண்ணை வேண்டாம் என்றார், தம்பி பாடற்குழுவில் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய காதல்.

அப்பா வேலை உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் கையால் என் கேடயத்தைச் சுவரில் இருந்து கழற்றினார். மடாம் ஏன் என்று கேட்கக் கேட்க, தயவுசெய்து என்பதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையான பிரெஞ்சைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். சில் வு ப்ளே, மடாம், சில் வு ப்ளே. வீட்டுக்கு வந்து மாமாவை முன்னால் நிறுத்தி, "மாட்டை அங்க விட்டிட்டு வந்தனாங்கள். குறியை மட்டும் ஏனடா கொண்டு வந்தனி?" என்றார். அப்பா கத்தவில்லை. மாமா அந்தக் கிழமையே உடுப்புப் பையோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மற்றப் பிள்ளைகளின் கேடயங்கள் டிசம்பர் நத்தார் வரைக்கும் சுவரில் இருந்தன. சிங்கத்துக்கும் படகுக்கும் இடையில் என்னுடைய வெற்று இடம். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு தெரிந்துவிட்டதுதான் காரணம், நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறியதற்குத்தான் அப்பாவுக்குக் கோபம் என்று அந்த வயதில் நான் முடிவு செய்திருந்தேன். அப்படி என்றால் என்னிடம் சொல்லலாமே. திருத்தியிருப்பேனே. ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்ன மாமி அலுமாரிக்குப் பின்னால் இருந்து அந்தக் கேடயத்தை இழுத்து எடுத்தார். சமையலறை நிலத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து, மஞ்சள் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார்.

"அங்கிளும் அதைத்தான் சொன்னவர்" என்றேன். அந்த வீட்டில் என் பெருமையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதால், நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து கேட்டது, கிட்டப் போய்ப் படம் பிடித்தது, சொக்லேட் தந்தது.

"படமெடுக்கேக்க நீ என்ன சொன்னனி?"

"மெர்சி அங்கிள் எண்டு சொன்னனான்."

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அலுமாரியில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வழக்கம்போலக் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்குச் சீ என்று போய்விட்டது. ஒருவர் நல்லது செய்தால் மெர்சி சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கியதே இந்த மாமிதான். கார்டெரிப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் பழக்குகிறார். இப்போது நான் சொன்னதற்கு இப்படிச் சிரிக்கிறார்.

"காணும் மாமி, போதும்" என்று கத்திவிட்டு, அவர் மடியில் இருந்த கேடயத்தைப் பறித்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். நீலத்தில் அங்கங்கே நனைந்து சாயம் கரைந்திருந்தது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மாமி இன்னும் குலுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு மெர்சிக்கு இவ்வளவு நேரம் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.