அடுத்த வளவுக் குசினி

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையிலிருந்து யார் வெளிநாடு போனாலும் பெட்டியில் உதயகலா செய்து விற்கிற வேப்பம்பூ வடகம் இருக்கும். அடுத்த வளவுக்காரி சிவகௌரியும் வடகம் செய்வாள். அதே உளுந்து, அதே செத்தல் மிளகாய். பூவும் இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கிற ஒரே வேம்பில் உதிர்ந்ததுதான். ஆனால் அவளுடையதை யாரும் கேட்டு வருவதில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். லண்டனில் இருக்கும் மகள் தாரிகா இந்தப் பங்குனியில் தொலைபேசியில், “அம்மா, இஞ்சை வாற ஆக்களிட்டை உதயகலா மாமியின்ரை வடகம் வாங்கிக் குடுத்துவிடுங்கோ” என்றாள்.

“ஏன், நான் செய்து தந்தால் உனக்கு இறங்காதோ?”

“உங்கடையும் நல்லம்தான் அம்மா. ஆனால் மாமியின்ரை வேறை.”

அந்த ‘வேறை’ சிவகௌரியைச் சாப்பிட விடவில்லை. குசினி வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் அவள். கிணற்றடியில் மினுக்கிய பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி கழுவுவாள். கணவர் கதிரவேலு தண்ணீர் குடித்த செம்பை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் அவளிடம் சட்டம் உண்டு. உதயகலாவின் வீடோ புருஷன் செத்தபின் அரைகுறையில் நின்றுபோனது. குசினி என்பது ஒரு சாய்ந்த கொட்டில். கூரையில் பாதி தகரம், பாதி உக்கிய தென்னோலைக் கிடுகு. எலி ஓடும். பின்னால் மலகூடக் குழியின் மூடி வெடித்து, அதற்குமேல் ஒரு பனங்குற்றி கிடந்தது.

இவ்வளவையும் சிவகௌரி, பி.எச்.ஐ எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் துணிவு. “என்ரை பேர் வெளியிலை வராதுதானே தம்பி?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

முறைப்பாடு வந்த வீட்டுக்கு நேரே போனால் சொன்னவர் யார் என்று ஊர் தேடத் தொடங்கும் என்பது பரிசோதகருக்குத் தெரியும். ஆகவே டெங்குச் சோதனைக்கு வருவதுபோல ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்தே வந்தார். சிவகௌரியின் வளவில் கிணற்றையும் பூச்சாடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அவள் விடவில்லை.

“உள்ளுக்கும் வந்து பாருங்கோ தம்பி. குசினி எண்டால் எப்பிடி இருக்கவேணும் எண்டு மற்றவைக்கும் சொல்லலாம்.”

மாபிள் பதித்த சுவர், வலையடித்த யன்னல், இறுக மூடிய போத்தல்கள். அவர் உண்மையிலேயே வியந்தார். தேத்தண்ணீரும் குடித்தார்.

அன்று பின்னேரம் உதயகலா வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்தாள். கையில் உளுந்து ஊறிய சட்டி.

“அக்கா, குழியை மூடிக் குசினியைத் திருத்துமட்டும் அதுக்குள்ளை விக்கிற சாமான் செய்யக்கூடாதாம். ‘பக்கத்து வீட்டு அம்மாவின்ரை குசினி மாதிரி நான் ஒண்டும் காணேல்லை, அவவைக் கேட்டுப் பாருங்கோ’ எண்டு பி.எச்.ஐ ஐயாதான் சொன்னவர்.”

மாட்டேன் என்று சொல்லச் சிவகௌரி வாயெடுத்தாள். சொன்னால், முறைப்பாடு எந்த வீட்டிலிருந்து போனது என்று விடியமுன் கதை கிளம்பிவிடும்.

பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கதிரவேலு தலையை நிமிர்த்தாமலே, “குசினியைக் கண்காட்சிக்கு வைச்சால் ஆக்கள் வரத்தானே செய்யும்” என்றார்.

“நீங்கள் சும்மா இருங்கோ.” அவள் உதயகலாவின் பக்கம் திரும்பினாள். “வா பிள்ளை. காலைக் கழுவிப்போட்டு உள்ளை வா.”

கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றாள் சிவகௌரி. உதயகலா அரைத்தாள், குழைத்தாள், தட்டினாள், சுளகில் பரப்பி வெயிலில் வைத்தாள். எல்லாம் சிவகௌரியும் செய்வதுதான்.

“என்னடி விசேஷமாய்ப் போடுறாய்?”

“ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறியள்.”

இரகசியம் ஒன்று இருந்திருந்தால் சிவகௌரியின் மனம் ஆறியிருக்கும்.

வடகம் காய்ந்துகொண்டிருந்தபோது தாரிகா வீடியோவில் வந்தாள். “மாமி! எங்கடை குசினியிலோ நிக்கிறியள்?” என்று துள்ளினாள். உதயகலா நடந்ததைச் சொல்ல, பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒழுங்கையிலிருந்து போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று அந்த வடகத்தைத் தின்ற வீடுகளெல்லாம் காசு அனுப்பின. மேசன் வந்தான். குழிக்குக் கொங்கிறீட் மூடி விழுந்தது. கொட்டில் நின்ற இடத்தில் குசினி எழும்பியது.

பால் காய்ச்சும் நாளன்று உதயகலா ஒரே பிடியாக நின்றாள்.

“அக்காதான் காய்ச்சவேணும். அவ இல்லாட்டி எனக்கு இந்தக் குசினி ஏது?”

அவள் வெள்ளை மனதோடுதான் சொன்னாள். சிவகௌரி ஒருதரம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மாபிள் கூரைவரை போயிருந்தது, அவளுடையது இடுப்பளவுதான். மூலைகளைப் பார்த்தாள். ஒரு மட்டமும் பிசகவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

“யன்னலை இன்னும் கொஞ்சம் பெரிசாய் வைச்சிருக்கலாம்.”

“ஓம் அக்கா” என்றாள் உதயகலா. “தாரிகாவும் படத்தைப் பார்த்திட்டு இதைத்தான் சொன்னவள். பெரிசாக்கக் காசு அனுப்புறாளாம்.”

பால் பொங்கியது. எல்லோரும் சிவகௌரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.