இடது தோளுக்குப் பின்னால் நின்ற ஞாயிறுகள்

கல்யாணமாகி, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில் இருந்த தம்போய் வீட்டுக்குள் நான் முதன்முதலில் கால் வைத்தபோது, கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விமானத்தின் இறக்கை கிடந்தது. நான் இரு கைகளையும் விரித்தாலும் எட்டாத நீளம். "பார்த்து, அதை மட்டும் மிதிச்சிடாத" என்று என் கணவர் சொன்னார். புது வீட்டில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் பாலோ என்ற சிற்றூரில் வளர்ந்தவள். அங்கே நான் பார்த்த விமானங்கள் எல்லாம் செம்பனை மரங்களுக்கு மேலே வெகு உயரத்தில், கோடு கிழித்துக்கொண்டு போகிறவை. ரிமோட்டில் பறக்கும் விமானம் என்றதும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவர் என்னைப் பெக்கான் நானாஸ் ஊருக்கு வெளியே இருந்த திடலுக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் அன்னாசித் தோட்டம், நடுவில் புல் வெட்டிய ஒரு நீளமான பட்டை. அவருடைய விமானம் எழும்பியது, நேர் மேலே ஏறியது, ஒரு கணம் வாலில் நிற்பதுபோல் நின்றது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. "ஐயோ போச்சு!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். அது ஸ்டால் டர்ன் என்ற வித்தையாம், வேண்டுமென்றே விழுந்ததாம்.

எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருந்தார்கள். சின்ன வயதில் வயிற்றைச் சுத்தம் செய்ய மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே எண்ணெய். புகையில் அந்த வாடை வந்ததும் எனக்குக் குமட்டியது. பிறகு அதே வாடைக்காக ஞாயிற்றுக்கிழமைகளை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

திடலுக்கு எங்களைக் கூட்டிப் போனவர் தம்போயில் ஏர்கோன், அதாவது ஏசி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர். முதலாளி என்ற பொருளில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்றே கூப்பிட்டார்கள். இறக்கைகளை வைக்க இடமிருந்தது அவருடைய வேனில் மட்டும்தான். என் கணவருக்குக் காலராக இருந்தவரும் அவரே. சட்டைக் காலர் இல்லை. போட்டியில் இன்ன வித்தைக்குப் பிறகு இன்ன வித்தை என்று ஒரு வரிசை உண்டு. ஓட்டுகிறவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் இன்னொருவர் பின்னால் நின்று அடுத்து என்ன என்று சொல்லவேண்டும். தவுக்கேவுக்குத் தானும் போட்டியில் ஓட்டவேண்டும் என்று ஆசை வந்தபோது, அந்த இடத்துக்கு நான் வந்தேன்.

என் கணவரின் இடது தோளுக்குப் பின்னால் நிற்பேன். சீக்கிரம் சொன்னால் கை குழம்பும், தாமதமாகச் சொன்னால் விமானம் தாண்டிப்போய்விடும். ஒரு லூப், அதாவது மேலும் கீழுமாக ஒரு முழு வட்டம், முடிந்து அவர் தோள் இறங்கும், மூச்சு வெளியே வரும். அந்த இடத்தில் சொல்லவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் வரிசை எழுதிய சீட்டும் தேவைப்படவில்லை. சமையல் செய்யும்போதுகூட வரிசை மனதில் ஓடும்.

எல்லா வித்தைகளிலும் கடினமானது, அரை ரோல் போட்டு, அதாவது பாதி உருட்டி, தலைகீழாகப் பறப்பது. விமானம் நேராக இருக்கும்போது ரிமோட்டின் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே தூக்கும். தலைகீழாக இருக்கும்போது அதே இழுப்பு மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். மேலே போக முன்னால் தள்ளவேண்டும். புத்திக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரிய மாதங்கள் ஆகும். அந்தப் பக்கத்து மண் கறுப்பு, மிருதுவானது. தவறாக இழுத்தால் விமானம் மூக்கிலிருந்து இறக்கை வரை உள்ளே புதைந்துவிடும். அன்னாசி இலைகள் காலைக் கீற, நாங்கள் மூவரும் துண்டு துண்டாகப் பொறுக்கி வந்த நாட்கள் உண்டு.

அப்போது என் கணவர் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தார். விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புவார். ஒரு நாள் வந்தவுடன், "அங்கேயே ரூம் எடுத்துட்டேன். அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமைதான் வருவேன்" என்றார். எடுக்கலாமா என்று கேட்கவில்லை, எடுத்துவிட்டேன் என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பேன், அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார்.

அந்த ஞாயிறுதான் போட்டி. பெரிய போட்டி இல்லை, பக்கத்து ஊர்க் கிளப்புகள் இரண்டு மூன்று சேர்ந்து நடத்தியது. தவுக்கே வாசலில் ஹார்ன் அடித்ததால் போனோம். வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திடலில் வழக்கம்போல் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். வேறு வழியில்லாமல் அவர் காதுக்குள் பேசினேன்.

"அடுத்து ஸ்டால் டர்ன்."

"ம்."

"அடுத்து அரை ரோல், தலைகீழா நேர் ஓட்டம்."

"ம்."

வெளிச்சம் மங்கி, வானம் முழுக்க ஒரே சாம்பல் நிற மேகம். விமானம் தூரத்தில் வெறும் கறுப்பு நிழலாகத் தெரிந்தது. எது வயிறு, எது முதுகு என்று அந்த நிழலில் தெரியாது. அது மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. அவர் தோள்கள் இறுகின. விரல் அசையவில்லை.

"தெரியல மா" என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் முதலில் சொன்னது அது. "ரோல் போட்டேனா இல்லியா? தெரியலயே."

எனக்கும் நிழல்தான் தெரிந்தது. ஆனால் அவர் கட்டை விரல் ஒரு பக்கம் போய் வந்ததை நான் பார்த்திருந்தேன்.

"போட்டுட்டீங்க. தலைகீழா இருக்கு. தள்ளுங்க."

"நிஜமாவா?"

"தள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

தள்ளினார். அன்னாசிச் செடிகளின் நுனியை உரசுவதுபோல் வந்த விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. "அலமாக்! இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா அன்னாசி பறிச்சிட்டு வந்திருக்கும் லா!" என்று தவுக்கே மலாயில் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. மிச்ச வரிசையைச் சொன்னேன், அவர் முடித்தார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால் வந்தோம்.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் படிந்த இறக்கையைத் துடைத்தோம். அவர் ஒரு பக்கம், நான் மறு பக்கம்.

"உன்னைக் கேக்காம எடுத்தது தப்புதான்" என்றார். "களைப்பா இருக்கு. மோட்டார்ல வரும்போது தூங்கிடுவேனோன்னு பயமா இருக்கு. அதைச் சொல்லத் தெரியல."

இது எனக்குத் தெரியாது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே ரூம் பாத்துக் குடுத்திருப்பேனே. போங்க. ஆனா சனிக்கிழமை லேட்டாக்காதீங்க."

போனார். அந்த முடிவில் எனக்கு அரைச் சம்மதம்தான். வார நாட்களில் வீடு மிகவும் பெரிதாக இருந்தது. கம்ப்யூட்டரில் அவர் பழகிய சிமுலேட்டர் இருந்தது, ரிமோட்டை அதில் செருகித் திரையில் ஓட்டலாம். ஒரு சாயங்காலம் சும்மா தொட்டுப் பார்த்தேன். பிறகு தினமும் வேலை விட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் நான் உடைத்த விமானங்களுக்குக் கணக்கே இல்லை. சனிக்கிழமை அவரிடம் மூச்சு விடமாட்டேன்.

ஒரு ஞாயிறு, அவர் உயரத்தில் நேராக ஓட்டிக்கொண்டிருந்தபோது, "இங்க குடுங்க" என்று கை நீட்டினேன். தயங்கித்தான் கொடுத்தார். இரண்டு சுற்று சுற்றினேன். பிறகு அரை ரோல் போட்டு, குச்சியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தலைகீழாகக் கொண்டுபோனேன்.  விமானம் கொஞ்சம் அலைந்தது, ஆனால் இறங்கவில்லை.

அவர் என்னைத் தாண்டிப் பின்னால் வந்து நின்றார். "அடுத்து என்ன பண்ணப் போற?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

"அப்ப மொதல்ல நேராக்கு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் மாறி மாறி ஓட்டினோம். மகள் பிறந்தபின் அது மாதத்துக்கு ஒரு முறையானது, பிறகு விசேஷ நாட்களில் மட்டும் என்றானது. கடைசியாக எப்போது பறக்கவிட்டோம் என்று யோசித்தால் இருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. அது கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் மேலேயே வைத்திருப்போம்.

இப்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வீடு திரும்பும் வழிதான். பெக்கான் நானாஸ் கடைத்தெருவில் தவுக்கே வண்டியை நிறுத்துவார். மூவரும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சாப்பிடுவோம். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரல்களில் எண்ணெய் வாடை போகாது, ரொட்டியிலும் அது ஏறிவிடும். "ரெண்டாவது ரோல்ல அவசரப்பட்டீங்க" என்பேன். "நீ சொன்னது லேட்" என்பார். தவுக்கே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, இருவர் பேரிலும் தப்பு இல்லை, காற்றுதான் காரணம் என்பார். அதை ஒத்துக்கொள்ளாமல் தம்போய் வரும் வரை நாங்கள் வாதாடிக்கொண்டே வருவோம்.