கேட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் பதினான்கு வருடம் நான் ஷூ கம்பெனியில் செக்கர். ஆம்பூர் பக்கத்தில் செக்கர் என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தையல் லைன் முடிகிற இடத்தில் ஒரு மேசை, தலைக்கு மேல் ட்யூப் லைட். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அது சரிசெய்யத் திரும்பிப் போகும். இதில் ஒரு விதி உண்டு. சரிசெய்தவர் அந்த அம்பை உரிக்கக் கூடாது. ஒட்டியவர்தான் மறுபடி பார்த்து உரிக்க வேண்டும். புதிதாக வந்த பெண்கள் அவசரத்தில் தாங்களே உரித்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அடுத்த மேசையில் இன்னொரு செக்கர். என் வயதுதான், என் ஊர்தான். ஊர் என்றால் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து பாலாற்றுப் பக்கம் சரிகிற ஒரு சின்ன நகராட்சி. என் வீடு மேட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மூன்றாவது தெருவில். அவள் வீடு பள்ளத்தில், அதே வார்டின் கடைசித் தெருவில் கடைசி வீடு. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வந்திருக்கிறோம்.

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னது அவள்தான். “நில்லுடி. கம்பெனியில கத்துறத நகராட்சியில போய்க் கத்து, ஊருக்காவது ஆவும்” என்றாள். நான் ஜெயித்தால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “எங்க தெருவுக்குத் தண்ணி வரணும். வேற ஒண்ணியும் வாணாம்.” சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வது எத்தனை சுலபம்!

கடைசித் தெருவின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அங்கே போர் போட்டால் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது, வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும். தோல் பதனிடுகிற ஊர்களில் இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனவே வாரம் இருமுறை வருகிற காவிரித் தண்ணீர்தான் கதி. காலை எட்டரைக்கு வால்வைத் திறப்பார்கள். மேட்டுத் தெருக்களில் குழாய் பொங்கும். கடைசித் தெருவில் கண்ணீர் மாதிரி வடியும், சில நாள் அதுவும் கிடையாது. கம்பெனி பஸ் வருவதும் எட்டரைக்குத்தான். குடத்தைப் போட்டுக் காத்திருந்தால் பஸ் போய்விடும். இப்படியே அவள் பல நாள் தாமதம். இரண்டு முறை எழுத்தில் எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது கடிதம் வந்தால் மேசையும் இல்லை, வேலையும் இல்லை.

ஜெயித்தேன். முதல் ஆறு மாதம் நான் கவுன்சிலர் என்பதை நகராட்சிக்குப் புரியவைப்பதிலேயே போயிற்று. அதிகாரிகள் என் வீட்டுக்காரரின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். “சார், மேடம்கிட்ட சொல்லிடுங்க” என்பார்கள். மேடம் பக்கத்தில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் போனைப் பிடுங்கி, “மேடம்தான் பேசறேன், சொல்லுங்க” என்றேன். அதன் பிறகு என் நம்பருக்கே வந்தது.

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏன் போகவில்லை என்று நகராட்சிப் பொறியாளரைக் கேட்டால், அழுத்தம் போதாது, புதுக் குழாய் போட வேண்டும், திட்டம் மேலே போயிருக்கிறது என்றார். தெருப் பெண்களைக் கேட்டால், வால்வு திறக்கிறவர் சீக்கிரம் மூடிவிடுகிறார் என்றார்கள். நான் அதை நம்பினேன். ஒரு காலையில் டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்க அவரைப் பிடித்து வறுத்தெடுத்தேன். அவர் கையிலிருந்த சாவிக்கம்பியைக் கீழே ஊன்றிக்கொண்டு, “நான் தொறக்குறது ஒரே வால்வும்மா. மேல இஸ்துக்குறவங்கள நான் எப்டித் தடுக்கிறது?” என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். பதினான்கு வருடம் செக்கராக இருந்தவளுக்கு இது வெட்கக்கேடு. லைன் கடைசியில் தெரிகிற குறை லைன் கடைசியில் உண்டாவதில்லை என்பது எனக்குத் தெரியாததா?

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அதிசயம் நடந்தது. கடைசித் தெருவில் தண்ணீர் குழாயைப் பிய்த்துக்கொண்டு வந்தது. எல்லா வீட்டிலும் குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம் எல்லாம் நிரம்பிவிட்டன. சாயங்காலம் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். “கவுன்சிலரம்மா சொன்ன மாதிரியே செஞ்சிட்டாங்க” என்று ஒரே கொண்டாட்டம். நான் என்ன செய்தேன்? நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முந்தின வாரம்தான் பொறியாளரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதன் பலனாகத்தான் இருக்கும் என்று நானே நம்பிக்கொண்டேன். தட்டுப் போட்டு எல்லோருக்கும் பரிமாறி, நானும் கறியாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டேன்.

அவளும் வந்திருந்தாள். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். கிளம்பும்போது, “இன்னிக்கிப் பகல் பூரா கரண்ட் இல்லியே, மாசாந்திர ஷட்டவுன். உன் வீட்டு மாடி டேங்குக்கு எப்டித் தண்ணி ஏத்துன?” என்று கேட்டாள்.

“ஏத்தவே இல்லடி. டேங்க்ல பழைய தண்ணி கொஞ்சம் இருக்குது” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது கடைசித் தெருவில் பழைய கதைதான். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்றாவது கடிதத்துக்குப் பயந்து முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டிலிருந்து தொட்டி வரைக்கும் தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். ஒவ்வொரு காம்பவுண்டு பக்கமும் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். நகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் ஒரு தனிச் சத்தம் வரும். கேட்டுப் பழகினவர்களுக்குத் தெரியும்.

பதினொன்றரை மணிக்கு நான் வெளியே கிளம்பும்போது என் கேட்டில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. கம்பெனி ஸ்டிக்கர். குரோட்டன்ஸ் தொட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிகளுக்குக் கீழே ஒரு கடப்பைக் கல். கல்லுக்குக் கீழே எங்கள் மோட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் இருப்பது எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது பிளம்பர் போட்டது. அதை மறைக்கத்தான் மேலே செடி வைத்தோம். ஆனால் வருடக்கணக்கில் சுவிட்சைப் போட்டுப் போட்டு, அது ஃபேன், மிக்ஸி மாதிரி வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் என்று நான் யாரைத் திட்டினாலும் அதில் நான் சேர்த்தி இல்லை. கேட்டுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அவளுடைய குடத்துத் தண்ணீரை எடுத்து என் குரோட்டன்ஸுக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். தெருவில் இன்னும் பல கேட்டுகளில் சிவப்பு அம்பு தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா தன் அம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் என்னுடையதைத் தொடவில்லை.

வீட்டுக்காரரிடம் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். “உனக்கு இன்னா பைத்தியமா? எல்லாரும்தான் போட்டிருக்காங்க. நாம எடுத்துட்டா மத்தவங்க எடுத்துருவாங்களா?” என்றார். எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். “மொதல்ல நம்மளது போவட்டும், அப்புறம் நான் வாயத் தொறக்கறேன்” என்றேன். அவர் அசையவில்லை. நானே பிளம்பரைக் கூப்பிட்டுக் கழற்றினேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், கரண்ட் இல்லாமல் மோட்டார்கள் ஓடாத அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரியே தண்ணீர் விடுகிற ஒரு மணி நேரம் எங்கள் வார்டில் கரண்டை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். நியாயம்தான், ஒரு வார்டுக்காக எல்லாரையும் கரண்ட் இல்லாமல் உட்கார வைக்க முடியாது. பிறகு டீக்கடைக்குப் போய், வால்வு திறக்கிறவரிடம் அதே நாலு பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கூச்சப்பட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கப் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்றை நடத்தச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஊரில் அதுவரை பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. இந்த முறை அங்கன்வாடி வாசலில் பந்தல் போட்டு, மேட்டுத் தெரு, பள்ளத்துத் தெரு எல்லா வீட்டுக்கும் நானே நேரில் போய்ச் சொன்னேன். பொறியாளரையும் வரவைத்தேன். கூட்டம் சேர்ந்ததும் என் மோட்டாரைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். துருப்பிடித்து, மண் ஒட்டி, அசிங்கமாக இருந்தது.

“இது என் வூட்டு மோட்டார். இத்தன வருசமா கடைசித் தெருத் தண்ணிய இதுதான் குடிச்சுது. இப்ப எடுத்துட்டேன். இன்னும் யார் யார் வூட்டுக் கேட்ல அம்பு இருந்துச்சுன்னு லிஸ்ட் இருக்குது. நான் படிக்கட்டுமா, நீங்களே சொல்றீங்களா?”

ஒரே கூச்சல். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, “எங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க, குடம் தூக்க முடியாது” என்றார். கடைசித் தெருவிலும் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்றேன். ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “நீயாச்சும் சொல்லுப்பா” என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எங்க வூட்டுது மேசமேல இருக்குதே, நான் இன்னா சொல்றது?” என்றார். கோபத்தில்தான் சொன்னார். ஆனாலும் அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

தண்ணீரைக் காலை ஆறு மணிக்கே விடுவதென்றும், மோட்டாரைக் கழற்றாத வீட்டின் இணைப்பைத் துண்டிப்பதென்றும் தீர்மானம் எழுதினோம். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள்.

“தண்ணி வந்துச்சான்னு யார் பாக்கிறது? மேல இருக்கிறவங்க பாத்தா வந்த மாதிரிதான் தெரியும். கடைசி வூட்ல ஒரு நோட்டு வையுங்க. அங்க கையெழுத்துப் போட்டப்புறம்தான் வால்வ மூடணும்.”

“ரூல்ல அப்படி இல்லியேம்மா” என்றார் பொறியாளர்.

“கூடாதுன்னும் இல்லியே சார்” என்றேன் நான். தீர்மானத்தில் அதையும் சேர்த்தோம்.

முதல் வாரம் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கழற்றியதாகச் சொன்ன மூன்று வீடுகளில் மறுபடி மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று இணைப்பையும் துண்டிக்க வைத்தேன். அண்ணி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த முறை கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போயிற்று, ஆனால் நோட்டில் அவள் கையெழுத்துப் போடவில்லை. தன் வீட்டுக் குழாயில் இன்னும் மெலிசாகத்தான் வருகிறது என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். மறுபடி தெருத் தெருவாகப் போனோம். இன்னும் இரண்டு மோட்டார் கிடைத்தன.

இத்தனை நாளும் என் கேட்டில் அந்த அம்பு அப்படியே இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் என்ன இது என்று கேட்டார்கள். “கவுன்சிலர் வூட்டுக் கேட்ல போய் இதெல்லாம் எதுக்கு? எடுத்துப் போடு” என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை. அதை ஒட்டியது நான் இல்லையே.

நோட்டில் அவள் கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. கையெழுத்துக்குப் பக்கத்தில் மணி ஏழு பத்து என்று எழுதியிருந்தாள். அன்று அவள் எட்டரை பஸ்ஸில் போனதாக வால்வு திறக்கிறவர் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். என் வீட்டில் அன்று குழாயடியில் பக்கெட் நிரம்ப நேரமாயிற்று. வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்கு இரண்டு குடம் தூக்கினார். மூன்றாவது கடிதம் வரவே இல்லை.

மேலும் இரண்டு கையெழுத்து விழுந்த பிறகு, ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டிகளை நகர்த்தி, கடப்பைக் கல்லைத் தூக்கி, காலிக் குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு வந்து, வெயிலில் வெளுத்துப்போயிருந்த அந்த அம்பை நகத்தால் ஓரத்தில் நெம்பி மெதுவாக உரித்தாள்.

அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாள். “அன்னிக்கி உன் வூட்ல நான் பிரியாணி துன்னல. இப்ப பசிக்குது, போடு.”